அறுபது மில்லிமீட்டர் வட்டம்

கிணறு என்றால் வட்டம். இதை நீங்களும் நானும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. உத்திரமேரூரில் உரக்கடை மாடியில் இருக்கும் நீர்நிலைக் காப்பு வடிவ ஒப்புதல் அலுவலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. அங்கே சுவரில் ஒரு பட்டியல் தொங்குகிறது. கிணறு: வட்டம். குளம்: சதுரம். குட்டை: செவ்வகம். ஏரி: நீள்வட்டம். அவ்வளவு பெரிய உத்திரமேரூர் ஏரியே அவர்கள் பீரோவுக்குள் ஒரு முட்டை மாதிரி சமர்த்தாகப் படுத்துக்கிடக்கிறது என்றால், பாழுங்கிணறு எல்லாம் எம்மாத்திரம்? மடங்கித்தான் ஆக வேண்டும்.

வேதகிரிக்கு இந்த விவரம் தெரியாது. தெரிந்திருந்தாலும் மிரண்டிருக்க மாட்டார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக ‘வேதகிரி கிராபிக்ஸ்’ நடத்துகிறவர். பேஜ்மேக்கரில் கை பழகி, கோரல் டிராவுக்கு வந்தவர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று சுற்றுப்பட்டு ஊர்களின் நல்லது கெட்டது எல்லாம் அவர் கம்ப்யூட்டர் வழியாகத்தான் சுவருக்குப் போகும். நட்சத்திரம், அறுகோணம், தாமரை, மாங்காய் பார்டர், எதைக் கேட்டாலும் அளவு பிசகாது. ஒரு கோடு அரை மில்லிமீட்டர் விலகினால் வாங்க வந்தவருக்குத் தெரியாது; இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு ஆசாமி.

வீடு, சாலவாக்கம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒத்தையடிப் பாதையை ஒட்டி, புறம்போக்கு நிலத்தில், யாரும் தண்ணீர் இறைக்காத ஒரு பழைய தரைக்கிணறு. ஆறு மீட்டர் அகலம். சுற்றுச்சுவர் கிடையாது. ஒரு பெருமழையில் அதன் தெற்குக் கரை சரிந்து, பள்ளம் பாதைப் பக்கமாக நாக்கு நீட்டிவிட்டது. மேலே நின்று பார்த்தால் கிணறு மாங்காய் வடிவத்தில் இருக்கும். சரிந்த இடத்தின் ஓரமெல்லாம் புல் மண்டி, எது தரை எது பள்ளம் என்று பெரியவர்களுக்கே தெரியாது.

முந்தின வருஷம் ஐப்பசியில், ஒரு வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, வேதகிரியின் ஒரே மகள் பூஜா, நாலாம் வகுப்பு படிக்கிறவள், அந்தப் புல்லின்மேல் கால் வைத்தாள். அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரை வேதகிரியே போட்டார். வேறு கடையில் கொடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. ஒரு வட்டம் போட்டு அதற்குள் பூஜாவின் படத்தை வைக்க வேண்டும். கோரலில் சுத்தமான வட்டம் வேண்டுமென்றால் ஒரு கையால் கண்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு மறு கையால் மவுசை இழுக்க வேண்டும். பட்டனை விட்டுவிட்டால் வட்டம் நசுங்கிவிடும். பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் நாட்களில் அந்தப் பட்டனை அழுத்துவது பூஜாவின் வேலை. “புட்ச்சிக்கினேன் நைனா, இழு” என்பாள். அன்றைக்கு இரண்டு கையும் அவருடையதாகவே இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பூஜாவின் அம்மா பாஞ்சாலி புருஷனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பூஜா நைனா, எனக்கு வேற எதுவும் வாணாம். எம் பொண்ணு கால் வெச்ச எடம் தொறந்து கெடக்கக் கூடாது. நாளைக்கி இன்னொருத்தி பெத்த புள்ள அதே எடத்துல கால வெக்கும். அத்த மூடிட்டு வா.”

“மூடிடலாம்” என்றார் வேதகிரி. 

மறுநாளே வேலிகாத்தான் முள்ளை வெட்டிக் கொண்டுபோய் அந்த நாக்கின்மேல் பரப்பினார். முள் எத்தனை நாளைக்குத் தாங்கும், சுவர்தான் சரி என்று ஊரில் சொன்னார்கள். சுவர் வேண்டுமென்றால் உரக்கடை மாடிக்குப் போக வேண்டும், விண்ணப்பத்தோடு கிணற்றின் படத்தை கம்ப்யூட்டரில் வரைந்து தர வேண்டும் என்றும் சொன்னார்கள். வேதகிரிக்கு அந்தத் துக்கத்திலும் ஒரு தெம்பு வந்தது. மனுவா, கெஞ்சலா, யாரையாவது பிடிப்பதா, அதெல்லாம் அவருக்கு வராது. படம் போடுவது வரும்.

டேப்பையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றின் விளிம்பை அரை மீட்டருக்கு ஒரு தடவை அளந்தார். கடைக்கு வந்து ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் புள்ளி புள்ளியாக வைத்து வளைகோட்டால் இணைத்தார். நாற்பத்தொரு புள்ளிகள். வந்து நின்றது அச்சு அசல் அந்தக் கிணறு.

வடிவ அலுவலர் தாமோதரன் அந்தத் தாளைக் கையில் வாங்கி நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார்.

“இது என்ன, மாங்காயா?”

“கெணறு சார்.”

“கிணறுன்னா வட்டம். பட்டியல் பார்க்கலையா?”

“இந்தக் கெணறு இப்டிதான் சார் கீது. தெக்கால சரிஞ்சி பூட்ச்சி. அங்கதான் எம் பொண்ணு…”

தாமோதரனைச் சும்மா சொல்லக்கூடாது, இரக்கமுள்ள மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. உங்க வேதனை புரியுது. ஆனா வேதனையை எழுதறதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லையே. கிணறு தப்பா இருந்தா அதை நாங்க திருத்த முடியாது. நீங்கதான் படத்துல திருத்திக்கிட்டு வரணும். ஆறு மீட்டர் கிணறு. அறுபது மில்லிமீட்டர் வட்டம். முடிஞ்சுபோச்சு.”

“அப்ப சரிஞ்ச எடம் சார்?”

“சரிவு கிணறு இல்லை. சரிவு மண்ணு. அதைப் பின்னிணைப்பாக் குடுங்க. முதல்ல வட்டம் பாஸ் ஆகட்டும், அப்புறம் உங்க நாக்கை எடுத்து அதுல ஒட்டிக்கலாம்.”

“நெசமா ஒட்டிக்கலாமா சார்?”

“நான்தான் சொல்றேனே.”

கடைக்குத் திரும்பிய வேதகிரி ஃபைலைத் திறந்தார். நாற்பத்தொரு புள்ளிகளில் பதினோரு புள்ளிகள் அந்த நாக்கினுடையவை. அதில் ஒரு புள்ளி எந்த இடம் என்று அவருக்குத் தெரியும். டேப்பை மூன்று முறை வைத்து அளந்த இடம் அது. பின்னிணைப்பில் எல்லாம் திரும்பி வரத்தானே போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தப் பதினொன்றையும் தனி ஃபைலில் பத்திரப்படுத்தினார். பிறகு மாங்காயை அழித்தார். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஒரு வட்டத்தை இழுத்து, அளவுக் கட்டத்தில் அறுபது என்று தட்டினார்.

நீங்கள் கேட்கலாம், இதோடு முடிந்திருக்க வேண்டுமே என்று. அந்த அலுவலகத்தில் பஞ்சாட்சரம் என்று ஒருவர் இருக்கிறார். அளவுச் சரிபார்ப்பாளர். அவரிடம் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கிறது. அதற்கு அவர் வீட்டம்மா தைத்துக் கொடுத்த வெல்வெட் உறை இருக்கிறது. உறையிலிருந்து ஸ்கேலை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, வட்டத்தின்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“ஐம்பத்தெட்டு புள்ளி ரெண்டு.”

வேதகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கை போட்ட வட்டம் பிசகுவதாவது. கடைக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் பிரிண்டரில் ‘ஃபிட் டு பேஜ்’ என்ற இடத்தில் டிக் இருந்தது. தாளின் ஓரம் வெட்டுப்படாமல் இருக்கட்டும் என்று பிரிண்டர் தன் இஷ்டத்துக்கு நூற்றுக்கு மூன்று பங்கு சுருக்கி அடித்திருந்தது. டிக்கை எடுத்துவிட்டு மறுபடி அடித்தார். சரியாக அறுபது. ஆனால் மூன்று நகல்களும் வேண்டுமே. பக்கத்துக் கடை நவாஸ் பாயிடம் ஜெராக்ஸ் போட்டார். நகல்கள் ஐம்பத்தொன்பதரையாக வந்தன.

“எம் மிஷினு கொஞ்சம் கஞ்சம் வேதகிரி” என்றார் நவாஸ். “எது உள்ள போனாலும் ஒரு துளி எடுத்துக்கினுதான் வெளிய வுடும். இருவது வருசமா எவனும் ஸ்கேல வெச்சிப் பாத்ததில்லியே.”

சரி, நகலே வேண்டாம் என்று நான்கையும் பிரிண்டரிலேயே அடித்துக் கொண்டுபோனார். பஞ்சாட்சரம் நான்கையும் அளந்தார். நான்கும் அறுபது. அவர் முகம் வாடிவிட்டது. “நாலும் அசலா இருந்தா எது அசல்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நகல்னா நகலா இருக்கணும் சார். அளவு மட்டும் அசலா இருக்கணும்.” கடைசியில் நவாஸ் பாயின் மிஷின் எடுத்துக்கொள்வதற்கென்றே கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, அதை ஜெராக்ஸ் எடுத்து, சுருங்கி அறுபதுக்கு வந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தார். நகல்கள் தேறின. இதற்குள் தை பிறந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் வேதகிரி வீட்டுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. மேற்படி கிணற்றின் தெற்குப் பக்கத்தில் அடையாளம் தெரியாத நபர் முள் பரப்பி, விண்ணப்பத்தில் உள்ள நீர்நிலையின் இயல்பான தோற்றத்தை மாற்றியிருப்பது கள ஆய்வில் தெரியவந்திருக்கிறது. வடிவம் ஒப்புதலாகும்வரை கிணறு இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும். மூன்று நாட்களுக்குள் முள் அகற்றப்படாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். வேதகிரி அதை நான்கு தடவை படித்தார். பிறகு கவைக்கோலை எடுத்துக்கொண்டு போய், தன் கையால் போட்ட முள்ளைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டார்.

மறுநாளிலிருந்து காலை எட்டேகாலுக்குப் போய் அந்த இடத்தில் நிற்க ஆரம்பித்தார். பிள்ளைகள் போய் முடிகிறவரை நிற்பார். சாயங்காலம் கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து நிற்பார். “ஓரமா போ கண்ணு, ஓரமா போ” என்று சொல்வதைத் தவிர அங்கே அவருக்கு வேலை இல்லை. பூஜாவோடு படித்த பிள்ளைகள் முதலில் அவரைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பிறகு பழகி, குட்மார்னிங் சொன்னார்கள். பாஞ்சாலி மட்டும் அந்தப் பக்கமே வருவதில்லை. ரேஷன் கடைக்குக்கூட ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டுதான் போனாள்.

மாசியில் வட்டம் அடுத்த கட்டத்துக்குப் போனது. மூல வட்டத்தோடு ஒப்பிட வேண்டும். மூல வட்டம் என்பது தலைமையகத்திலிருந்து வந்த ஒரு கண்ணாடித் தாள். அதில் அறுபது மில்லிமீட்டர் வட்டம் ஒன்று அச்சாகியிருக்கிறது. அதைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைக்கிறார்கள் என்று கீழே உரக்கடைக்காரர் சொன்னார், நான் பார்க்கவில்லை. தாமோதரன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து வேதகிரியின் வட்டத்தின்மேல் பொருத்தினார். பொருந்தவில்லை. வேதகிரியின் வட்டம் கொஞ்சம் வெளியே தெரிந்தது.

வேதகிரி குனிந்து பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்துக் கண். “சார், கோச்சிக்காதீங்க. இதுவும் ஐம்பத்தெட்டு புள்ளி ரெண்டுதான். பிரிண்ட் போட்டவரு டிக்க எடுக்க மறந்துட்டாரு. எனக்கும் அதான் ஆச்சி.”

பஞ்சாட்சரம் மெதுவாக ஸ்கேலை உறையிலிருந்து எடுத்தார். அளந்தார். துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். தாமோதரன்தான் முதலில் சுதாரித்தார்.

“தலைமையகம் பிசகாது. ஸ்கேல்தான் பிசகியிருக்கும். ஸ்கேலை அனுப்புங்க பஞ்சாட்சரம்.”

ஸ்கேல் உறையோடு தலைமையகத்துக்குப் போனது. பங்குனி, சித்திரை, வைகாசி. ஸ்கேல் இல்லாத பஞ்சாட்சரம் தாலி அறுந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வேதகிரி வாரத்துக்கு ஒரு தடவை மாடி ஏறினார், இறங்கினார். ஆனியில் பதில் வந்தது. ஸ்கேல் சரி. மூல வட்டமும் சரி. இரண்டும் சரியாக இருப்பதால், இனிமேல் விண்ணப்பதாரர்கள் ஐம்பத்தெட்டு புள்ளி இரண்டு மில்லிமீட்டரில் வட்டம் போட்டு, பக்கத்தில் அறுபது என்று எழுத வேண்டும். வேதகிரி கடைக்குப் போனார். போட்டார், எழுதினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தெரிந்தே தப்பாக எழுதிய முதல் அளவு அதுதான். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கியது. இறங்கியதே என்று ராத்திரி அழுதார்.

அடுத்த சிக்கல் கோட்டினால் வந்தது. எவ்வளவு மெல்லிய கோடாக இருந்தாலும் அதற்கு ஒரு தடிமன் உண்டு. வட்டம் கோட்டின் உள் ஓரத்தில் முடிகிறதா, வெளி ஓரத்தில் முடிகிறதா? பஞ்சாட்சரம் உள் ஓரம் என்றார். தாமோதரன் வெளி ஓரம் என்றார். இருவரும் ஒன்பது வருஷமாக ஒரே கேரியரில் மதியச் சாப்பாடு பகிர்ந்துகொண்டவர்கள். இப்போது பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஒருவர் பாஸ் போட்டதை மற்றவர் திருப்பி அனுப்பினார். கோப்பு இரண்டு மேஜைகளுக்கும் நடுவே ஆடி முழுக்க நடந்தது, ஆவணி முழுக்க நடந்தது.

புரட்டாசியில், இதற்கு ஒரு வழி காண்பதற்காகக் கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்து ஒருநாள் பயிலரங்கம் வைத்தார்கள். நாஷ்டா, இரண்டு டீ, மத்தியானம் சாப்பாடு. பேனர் வேலை வேதகிரிக்கே வந்தது. ‘வட்டத்தின் எல்லை: சவால்களும் தீர்வுகளும்.’ அவர் பேனரைப் போட்டுக் கட்டிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தாமோதரன் மைக்கைப் பிடித்தார்.

“ஒரு குழந்தை தவறி விழுவது விபத்து. ஒரு வட்டம் தவறுவது அலட்சியம். விபத்தை மன்னித்துவிடலாம். அலட்சியத்தை நம் மனசாட்சி மன்னிக்காது. இந்த அலுவலகம் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முன்னூற்றுப் பதினான்கு விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒரு தவறான வட்டத்தைக்கூட நாம் அனுமதித்ததில்லை என்று பெருமையோடு சொல்வேன். ஏனென்றால் எந்த வட்டத்தையுமே நாம் அனுமதித்ததில்லை. சுவர் எப்போது கட்டுவீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். சுவர் இடிந்துவிடும் நண்பர்களே. ஃபைல் இடியாது.”

கைதட்டல் ஓய நேரம் பிடித்தது. கேள்வி நேரத்தில் வேதகிரி எழுந்தார்.

“சார், பின்னிணைப்பு எப்ப குடுக்கலாம்?”

“நல்ல கேள்வி” என்றார் தாமோதரன். உதவியாளர் அதை நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தீர்வு பிறந்தது. கோட்டினால்தானே சண்டை? கோட்டையே எடுத்துவிட்டால்? கோடில்லாத வட்டம் போட முடியுமா என்று மேடைக்குக் கூப்பிட்டு வேதகிரியைக் கேட்டார்கள். முடியும். கோரலில் வட்டத்தைப் போட்டு அவுட்லைன் வேண்டாம், உள்ளே நிறமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வட்டம் அங்கே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வேதகிரி அப்படியே போட்டு அடித்துக் கொண்டுவந்தார். வெள்ளைத் தாள். நடுவில் மையத்தைக் காட்டும் ஒரு சின்ன கூட்டல் குறி. கீழே ‘விட்டம் ஆறு மீட்டர்’. பஞ்சாட்சரம் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பிசகே இல்லை. தாமோதரன் மூல வட்டத்தை வைத்துப் பார்த்தார். பிசகே இல்லை. இருவரும் பல மாதங்களுக்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மாவட்டத்தின் முதல் குறையில்லாத வட்டம் என்று எழுதி இருவருமே கையெழுத்துப் போட்டார்கள்.

பார்க்கச் சிரிப்பாக இருக்கிறதில்லையா? வேதகிரியும் சிரித்தார், பாவம். பாஸ் ஆகிவிட்டதல்லவா. அன்றைக்கே பத்திரப்படுத்தி வைத்திருந்த ஃபைலைத் திறந்து, அந்தப் பதினோரு புள்ளிகளையும் தாளில் அடித்து எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

“பின்னிணைப்பு சார்.”

தாமோதரன் அதைக் கையில் வாங்கவே இல்லை. “ஒப்புதலான வட்டத்துல எதையும் ஒட்ட முடியாது வேதகிரி. ஒட்டினா அப்புறம் அது எப்படி வட்டமா இருக்கும்?”

“நீங்கதான சார் சொன்னீங்க, ஒட்டிக்கலாம்னு.”

“சொன்னேன். அப்போ வட்டம் பாஸ் ஆகலை. இப்போ ஆயிடுச்சு. இப்போ நானே நினைச்சாலும் அதுல கை வைக்க முடியாது. வேணும்னா சரிவுக்குத் தனியா ஒரு விண்ணப்பம் போடுங்க.” பட்டியலை அண்ணாந்து பார்த்தார். மேலிருந்து கீழ்வரை படித்தார். “சரிவுன்னு ஒண்ணு இதுல இல்லையே. பட்டியல்ல இல்லாத பள்ளத்துக்கு நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க.”

“அங்கதான் சார் எம் பொண்ணு வியுந்தா. ஒரு வருசமா அதுக்குத்தான் சார் நான் படியேறிக்கினு கீறேன். வட்டம் எனக்கு வாணாம் சார். அந்த எடம் போதும். அந்த நாலடி எடத்த மட்டும் மூடிக் குடுங்க.”

“நீங்க போட்டுக் குடுத்த படத்துல அந்த எடம் இல்லையே” என்றார் தாமோதரன். வருத்தத்தோடுதான் சொன்னார். எதையும் வருத்தத்தோடு சொல்லத் தெரிந்தவர் அவர்.

வேதகிரி அந்தத் தாளை நான்காக மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். உரக்கடை வாசலில் வெகுநேரம் நின்றார். வீட்டுக்குப் போய் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுகிற மேஸ்திரிக்குக் கண் இருக்குமே, பள்ளத்தைப் பார்த்தால் அதையும் சேர்த்துச் சுற்றித்தானே சுவர் வைப்பான் என்று ஒரு ஆசை அவருக்கு மிச்சம் இருந்தது.

கார்த்திகையில் வேலை தொடங்கியது. மேஸ்திரி கன்னியப்பனுக்குக் கண் நன்றாகவே இருந்தது. முதல்நாளே பள்ளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இத்த வுட்டுட்டு இன்னாத்துக்கு செவுரு?” என்று கேட்டார். கேட்டதற்கு அலுவலகத்திலிருந்து பஞ்சாட்சரம் வெல்வெட் உறையோடு வந்து சேர்ந்தார். கிணற்றின் நடுவுக்குக் கட்டை போட்டு மையம் குறித்தார்கள். மையத்திலிருந்து மூன்று மீட்டர் கயிறு பிடித்துச் சுற்றி வந்தார்கள். தெற்கே வந்தபோது கயிற்றின் நுனிக்குக் கீழே தரை இல்லை, பள்ளம்தான் இருந்தது. சுவர் அந்தரத்தில் நிற்குமா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பள்ளத்தின் குறுக்கே கம்பி கட்டி, கான்கிரீட்டில் வளைந்த பீம் போட்டு, பாலம் மாதிரி அதன்மேல் சுவரை ஏற்றிக் கொண்டுபோய் வட்டத்தை முடித்தார்கள். பீமுக்கு ஆன சிமெண்டில் அந்த நாக்கை இரண்டு தடவை சுற்றிச் சுவர் வைத்திருக்கலாம் என்று கன்னியப்பன் கலவை குழைக்கிற ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுவர் எழுந்தது. நான்கடி உயரம், மஞ்சள் வர்ணம். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வட்டம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். தெற்கே மட்டும் சுவருக்கு வெளியே, பாதையை ஒட்டி, பீமுக்கு அடியில் கருப்பாக வாய் திறந்துகொண்டு அந்த நாலடி இடம் அப்படியே கிடந்தது. மழை பெய்திருந்ததால் அதன் ஓரமெல்லாம் புதுப் புல் முளைத்திருந்தது.

திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம் வைத்திருந்தார்கள். தாமோதரன் ரிப்பன் வெட்டினார். இப்பேர்ப்பட்ட வட்டத்தைத் தந்த கலைஞர் என்று வேதகிரிக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் வந்ததிலிருந்து அந்தப் பள்ளத்துக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார், வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளுக்குக் குறுக்கே. நிறைவு அறிக்கைக்குப் படம் எடுக்க வந்தவர், “சார், கொஞ்சம் தள்ளிக்குங்க, வட்டம் மறைக்குது” என்றார்.

“புள்ளைங்கள அந்தாண்ட அனுப்பு, தள்ளிக்கிறேன்” என்றார் வேதகிரி. 

எல்லோரும் போன பிறகு, முள் வெட்டி வந்து அந்த இடத்தில் பரப்பினார். இப்போது யாரும் கேட்க மாட்டார்கள். கிணற்றின் கோப்பு மூடியாகிவிட்டது. கையில் முள் கீறி ரத்தம் கசிந்தது. அவர் துடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பாஞ்சாலி வாசலிலேயே நின்றிருந்தாள். நாதஸ்வரச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். குளித்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு தலையைப் படிய வாரியிருந்தாள். தட்டை வைத்து, அவர் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். கீறல்களைப் பார்த்தாள், ஏன் என்று கேட்கவில்லை.

“கட்டிட்டாங்களா?”

“கட்டிட்டாங்க.”

“வலுவா கீதா?”

“வலுவா கீது. பீம்லாம் போட்டுக் கீறாங்க.”

அவள் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, எதிரில் உட்கார்ந்தாள். “நாளைக்கி நானும் வர்றேன். ஒரு தபா பாத்துட்டேன்னா, அப்றம் அந்த வழியாவே போய் வருவேன். எத்தினி நாளைக்கி ஏரிக்கரைய சுத்திக்கினு போறது.”

வேதகிரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“பூஜா நைனா, உன்னத்தான். அவ கால் வெச்ச எடம் செவுத்துக்கு உள்ளதான வந்துச்சி?”

பிசைந்த கை நின்றது. “இல்ல பாஞ்சாலி. வெளிய கீது.”

அவள் புரியாமல் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் ஏதோ அலுவலகத்துப் பேச்சை எடுத்துச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். கத்தாமல், அழாமல், தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“எந்தப் பாவி அப்டி ஒரு படத்தப் போட்டான்?”

“நான்தான்” என்றார் வேதகிரி.